கடலைக் கொல்லையில் இறங்கிய பெட்டி

எண்பத்து நான்காம் வருடம் பங்குனியில், பூங்காவனத்தின் கடலைக் கொல்லையில் பட்டப்பகலில் ஒரு பாராசூட் வந்து இறங்கியது. அதன் அடியில் ஆள் உயரத்துக்கு ஓர் அலுமினியப் பெட்டி. கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அலறியபடி ஒடுகத்தூர் சாலைப் பக்கம் ஓடினார்கள். பூங்காவனம் ஓடவில்லை. தன் நிலத்தில் விழுந்ததைத் தான்தானே பார்க்க வேண்டும்?

பெட்டியில் நான்கு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது. எட்டாவது படித்தவள் தமிழைச் சத்தமாகவே வாசித்தாள்: ‘விண்வெளி ஆராய்ச்சிக் கருவி. ஆபத்தில்லை. திறக்க வேண்டாம். கீழே உள்ள முகவரிக்குத் தந்தி கொடுக்கவும்.’

அதற்குள் பக்கத்து நிலத்துக் கோதண்டராமன் கடப்பாரையோடு வந்துவிட்டான். “உள்ள இன்னா கீதுன்னு ஒடைச்சிப் பாத்துடலாங்க்கா.”

“தமிழ்லதான எழுதிக்கீது? தொறக்காதன்னா தொறக்காத. போய் தந்தி குடுத்துட்டு வா.”

அவன் கடப்பாரையை வரப்பில் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

சுற்று வட்டார ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தது. பூங்காவனம் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, தார்ப்பாய் போர்த்தி, யாரையும் நெருங்கவிடாமல் காத்தாள். மூன்றாம் நாள் காலை ஜீப் வந்தது. இறங்கியவள் மனோரமா, வேலூர் சத்துவாச்சாரிக்காரி. பம்பாயில் ஆராய்ச்சி வேலை. பெட்டியின் முத்திரையைத் தடவிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“யாரும் தொடலையாக்கா?”

“நான் இருக்கும்போது எவன் தொடுவான்? இது இன்னா வேல செய்யுது, அதச் சொல்லும்மா.”

“ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குறாங்க இல்ல, அதே கதிர் வானத்துலருந்தும் வருது. ரொம்பத் தொலவுல குவேசார்னு பளிச்சுனு மின்னுற ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்குது. அது நடுவுல பெரிய கருந்துளை. அதுல போய் விழுற வாயு சுத்திச் சுத்திக் கொதிக்குது. அங்கேருந்து கெளம்புன கதிர் இங்க வர எரநூறு கோடி வருஷத்துக்கு மேல ஆவுது.”

“அத இங்கேருந்தே பாக்க வேண்டியதுதான?”

“காத்து குறுக்க நின்னு தடுத்துடும். அதான் பலூன்ல கட்டி நாப்பது கிலோமீட்டர் மேல ஏத்துனோம். கருவி கொஞ்ச நேரம் குவேசாரப் பாக்கும், கொஞ்ச நேரம் பக்கத்துல காலி வானத்தப் பாக்கும். அதுலருந்து இதக் கழிச்சா குவேசாரோட பங்கு தெரியும்.”

“கடலைய மூட்டையோட எடை போட்டுட்டு வெறுஞ்சாக்கக் கழிக்கிறோமே, அப்பிடியா?”

மனோரமா சிரித்துவிட்டாள். “அப்பிடியேதான்! பாதியில ரேடியோ கெட்டுப்போச்சுக்கா. பலூன் எங்க போச்சு, பெட்டி எங்க கழண்டு பாராசூட்ல எறங்குச்சுன்னே தெரியல. பாத்தது எல்லாம் உள்ள ஒரு டேப்புல மட்டும்தான் இருக்குது. நீங்க ஒடைக்க விட்டிருந்தா எங்க மூணு வருஷ உழைப்பு போயிருக்கும்.”

ஆறு பேர் கைகொடுத்துப் பெட்டியை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள்.

அடுத்த வருடம் ஆவணியில் மனோரமாவிடமிருந்து கடிதம் வந்தது. டேப்பில் குவேசாரின் எக்ஸ்ரே தெளிவாகப் பதிந்திருந்ததாம். கூடவே அதைப் பற்றி அவர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கம். நன்றி சொல்லும் இடத்தில் ‘பூங்காவனம், வேலூர்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அவள் அன்றைக்கே ஒரு கார்டு வாங்கிப் பதில் எழுதினாள்: ‘குவேசார் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் ஊர் வேலூர் இல்லை, ஒடுகத்தூர். அடுத்த தடவை சரியாகப் போடவும்.’