மூன்று அட்டை உயரம்

"எத்தனாவது வரைக்கும் படிச்ச, இண்டாய்?"

கப்பித்தான் பொன்சியானோ இப்படிக் கேட்டபோது மரிவிக்கின் கையில் அட்டை வெட்டும் கத்தி இருந்தது. ஊரின் இளம்பெண்கள் எல்லாருமே அவருக்கு இண்டாய்தான். அவர் சான் தெல்மோவின் ஊர்த்தலைவர். எட்டாவது என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே. ஆறு வருடம் முன்பு கடல் ஊருக்குள் வந்தபோது பள்ளிக்கூடத்தோடு அவள் படிப்பும் போயிருந்தது.

"எட்டாவது. நான் இந்த ஊருக்கு மூணு தடவை கப்பித்தான். இப்ப சொல்லு, அரங்கம் பள்ளத்துலயா இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கப்பித்தான் பேசி முடித்தால் சிரிக்க வேண்டும் என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம்.

கடலோர ஊர்கள் ஒவ்வொன்றும் தன் புயல் வரைபடத்தைத் தானே அட்டையில் செய்ய வேண்டும், சிறந்ததற்குக் கேடயம் என்று மாகாண அலுவலகம் சொல்லியிருந்தது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஓர் அட்டை. வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் ஊர் குட்டியாக மேசைமேல் எழும்பும். கீழிருந்து ஐந்து அட்டைவரை சிவப்பு. அதெல்லாம் புயலில் கடல் ஏறும் இடம். அதற்கு மேலே பச்சை. கப்பித்தான் கட்டிய கூடைப்பந்து அரங்கம், ஊரின் புனிதர் பெயரைவிடப் பெரிதாக அவர் தன் பெயரை எழுதி வைத்திருந்த அந்த அரங்கம், மூன்றாவது அட்டையில் உட்கார்ந்திருந்தது. போன புயலில் அதன் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே நீர்க்கறை படிந்திருந்தது. பரிசுக் குழு வருகிறது என்று போன வாரம்தான் அந்தக் கறைமேல் நீலச் சாயம் பூசினார்கள்.

"அளந்து பார்த்தா மூணுதான் வருது, கப்பித்தான்."

"அப்ப அதுக்குக் கீழ இன்னும் மூணு வையி. அட்டைக்கா பஞ்சம்?"

அவள் கை நகரவில்லை. அவரே கத்தியை வாங்கி, வட்டமாக மூன்று துண்டு வெட்டி, பசை தடவிச் சொருகினார். மணிலாவின் பொறியாளர்கள் கூடினாலும் பத்து வருடத்தில் முடியாத மண் வேலையை அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கை கழுவினார்.

குழு வந்தது. பொரித்த வாழைப்பழம் தின்றது. பச்சையாக எழும்பி நின்ற அரங்கத்தைப் படம் பிடித்தது. நிஜ அரங்கம் நாற்பது அடி தள்ளித்தான் இருந்தது. எட்டிப் பார்க்க யாருக்கும் கால் வரவில்லை. கேடயத்தைக் கொடுத்துவிட்டு வண்டியேறினார்கள். அதன்பிறகு கடற்கரை வீடுகள் அத்தனையும் புயலுக்கு அரங்கத்தில் ஒதுங்க வேண்டியவர்களின் பட்டியலில் சேர்ந்தன. புயல் நாளில் அங்கே வந்து பெயர் சொன்னவர்களுக்குத்தான் அரிசியும் மத்தி மீன் டின்னும்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை வானொலி மூன்றாம் எண் எச்சரிக்கை சொன்னது. கைப்பேசியில் புயலின் கோடு நேராக சான் தெல்மோவைக் குத்திக்கொண்டு வந்தது. மரிவிக் தன் அக்கா டெல்ஃபினாவின் வீட்டுக்கு ஓடினாள். அக்கா இரண்டு பிள்ளைகளோடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் செபுவில் கப்பல் வேலையில் இருந்தார்.

"மனாய், அரங்கத்துக்குப் போகாத. கல்லறை மேட்டுக்குப் போயிடலாம். அது பதினோரு அட்டை."

"பொணங்களோட படுக்கச் சொல்றியா? அங்க அரிசி யாரு போடுவா, உன் அட்டையா?"

"தண்ணி வந்தா பிள்ளைங்க..."

"கேடயமே குடுத்துட்டாங்க. படிச்சவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்."

ஊரிலேயே நல்ல மேடு செத்தவர்களுக்குத்தான் வாய்த்திருந்தது. உயிரோடு இருப்பவர்கள் அங்கே ஒதுங்கினால் மரியாதைக் குறைச்சல்.

மதியம் அரங்கத்தில் வரிசை நின்றது. டெல்ஃபினா அரிசிப் பையை வாங்கிவிட்டாள். பின்னாலேயே வந்திருந்த மரிவிக்கின் தொண்டையிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"கப்பித்தான், இந்த இடம் சிவப்பு. அந்த மூணு அட்டையை நீங்கதான் சொருகினீங்க. இவங்களை மேட்டுக்கு அனுப்புங்க."

"அட்டை வெட்டின பொண்ணுக்கு வாய் முளைச்சிருக்கு, பாருங்க," என்றார் கப்பித்தான். "கொஞ்சம் விட்டா புயலையே வெட்டி ஒட்டிடுவா."

வரிசை சிரித்தது. டெல்ஃபினா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் ஊர்க்காவல் தோனியோ மழையில் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான்.

"கப்பித்தான், உங்க சண்டைச் சேவல் பதினாலையும் கல்லறை மேட்டுக் கோயில்ல ஏத்தியாச்சு. அந்தச் செவலை மட்டும் தீனி எடுக்க மாட்டேங்குது."

"சரி சரி, அப்புறம் பேசலாம்."

"ஒரு கூண்டுகூட நனையல, கப்பித்தான். தண்ணி எட்டாத இடமாப் பார்த்து வையினு நீங்க சொன்னீங்கல்ல, அப்படியே வச்சிட்டேன்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. கப்பித்தான் பெயர்ப் பட்டியலைப் புரட்டினார், அதில் ஏதோ அவசரமாகத் தேடுவதுபோல.

டெல்ஃபினா அரிசிப் பையை மேசைமேல் திருப்பி வைத்தாள். அதன்மேல் இரண்டு டின்களையும் வைத்தாள். சின்னதை இடுப்பில் ஏற்றி, பெரியதின் கையைப் பிடித்துக்கொண்டு, கப்பித்தானையும் பார்க்காமல் தங்கையையும் பார்க்காமல், மழைக்குள் இறங்கி மேட்டுப் பாதையில் நடந்தாள்.