குறிலும் நெடிலும்

பந்தலில் கிடத்தியிருந்த அப்பாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துவிட்டு நகர்ந்த வேல்விழிக்கு ஒரே ஓர் ஆறுதல்தான் மிச்சமிருந்தது. அவர் கேட்டபடி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

மற்றதெல்லாம் மென்று விழுங்கியதுதான். அப்பா ஆதிநாராயணன் பீங்கான் கம்பெனியில் மண் அரைக்கும் மெஷினோடு காலம் தள்ளியவர். அந்த இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. அவரிடம் எதையும் தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு என்று பாண்டிச்சேரிக்குப் போனபோது டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஸ்டென்ட் வைக்கலாம். வைக்கும்போது அடைப்பிலிருந்து பொடிக்கட்டிகள் பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம், அபூர்வம்தான். மாத்திரையோடு இருப்பதும் ஒரு வழி. அவரையே கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

அத்தனை பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவில் பக்கவாதம் என்று எப்படிக் கத்துவது? வேல்விழிக்கு நாக்கு எழவில்லை.

"அடைப்ப சரி பண்ணிடுவாங்கப்பா, பயமில்ல" என்று மட்டும் கத்தினாள்.

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அபூர்வம் அவரைத் தேடி வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. குரலில்லாமல் உதடு மட்டும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. குனிந்து குனிந்து பார்த்து அவளே கண்டுபிடித்தாள்: வூடு. இப்போது அசைக்கக் கூடாது என்ற டாக்டரிடம் சண்டை போட்டு, ஆம்புலன்ஸ் பிடித்து விருத்தாசலம் கொண்டுவந்தாள். மறுநாள் விடியலில் உயிர் போனது.

பாவாடை மாமா பந்தலில் வந்து உட்கார்ந்தார். அப்பாவோடு அதே மெஷினில் நின்றவர், அவருக்கும் அதே காது. மெதுவாகப் பேசத் தெரியாது.

"நேத்து சாயந்திரம் பாத்தப்பகூட ஒன்னப் பத்திதான் சொன்னான் பாப்பா."

வேல்விழி அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அவராலதான் பேச முடியலியே மாமா."

"மெஷினுகிட்ட நின்னுக்கிட்டு யாரு பேசனா? காலம் பூரா வாயப் பாத்துதான பேசிக்கிட்டோம். அந்த டாக்டரு வாயையும் பாத்துருக்கான். ஸ்டென்ட்டு வெக்கிறதுக்கு முன்னாடி நான் பாக்க வந்தப்பவே, கட்டி மூளைக்குப் போவுமாம், பாப்பா அத எங்கிட்ட சொல்ல முடியாம முழிக்குது, அதுக்காவ ஒத்துக்கிட்டேன்னான்."

பந்தல் முழுக்கக் கேட்டது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவரும் வாய்விட்டு வேண்டாம் என்றிருப்பார்.

"நேத்து என்ன சொன்னாரு? வூடுன்னுதான?"

"வூடா? வூடுன்னா ஒதடு குவிஞ்சி நிக்கும். இவன் டக்குன்னு முடிச்சான். ஒன்னக் கையக் காட்டிக் காட்டி, வுடு வுடுன்னான். மனசுல வெச்சிக்காதன்னு."

வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லையா? அப்படியென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பிடுங்கி வந்தது அவள்தான். அதை மாமாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலை முழுகிவிட்டு வந்த வேல்விழி பீரோ கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் வூடு என்றாள். பிறகு வுடு என்றாள். மறுபடியும் வூடு.

"ஈரத்தலையோட என்னடி தனியா பேசற?" என்றபடி அம்மா உள்ளே வந்தாள்.

வேல்விழி திரும்பி, சத்தமில்லாமல், குறிலாகவே ஒருமுறை சொன்னாள்.

அம்மா அவள் வாயையே பார்த்தாள்.

"எந்த வூடு?" என்றாள்.