என் முகம் போட்ட சோப்பு

தாராவியில் என்னை நேரில் பார்க்காதவர்கள்கூட என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷமாக இந்தச் சந்துகளில் பாத்திரம் கழுவுகிற மோரிக்கு மோரி என் முகம் நனைந்து கிழிந்து கிடந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் வானமாமலை பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட ஆரம்பித்தபோது, உறையில் ஒரு பெண் படம் வேண்டும் என்றார். மாடலுக்கு நாங்கள் எங்கே போக? பக்கத்து வீட்டுக்காரியிடம் பட்டுச்சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு சில்வர் தட்டைப் பிடித்தபடி நைன்டி ஃபீட் ரோடு ஸ்டூடியோவில் போய் நின்றேன். எனக்கு அப்போது ஏழு மாசம். வயிறு தெரியாதபடி நெஞ்சுக்கு மேலே வெட்டிக் கொடுத்தான் ஸ்டூடியோக்காரன். வெட்டிய பாதியில் இருந்தது என் மகன் சுரேந்திரன்.

உறையில் என் பேரையே வைத்து 'பார்வதி பாத்திர சோப்பு' என்று தமிழிலும் இந்தியிலும் அச்சடித்தோம். ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டிருப்பாளா? நம்மவர்கள் 'பொம்பள சோப்பு' என்பார்கள். வடக்கத்திப் பெண்களுக்கு 'அம்மாவாலா சாபுன்'. எழுத்துத் தெரியாதவள் சுவரில் பல்லியைக் காட்டுகிற மாதிரி கடையில் உயரத்தில் அடுக்கியிருக்கிற என்னைச் சுட்டிக் காட்டிவிட்டுக் காசைக் கொடுப்பாள்.

அந்த முகத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமா! ஒரு மழைக்காலத்தில் சோப்பு புட்டுமாவாக உதிர்ந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "படத்துல மட்டும் சிரிக்கத் தெரியுதோ?" என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுக்கு வந்து இவரை ஒரு பிடி பிடித்தேன். மறுநாளே கலவையை மாற்றினார். அதிலிருந்து ஒவ்வொரு கலவையிலும் முதல் வில்லையை நான் தேய்த்துப் பார்த்து, கை காந்தவில்லை என்று சொன்ன பிறகுதான் சரக்கு வெளியே போகும். காந்தினால் போகாது. என் மூஞ்சி அல்லவா அதில் இருக்கிறது!

சுரேந்திரன் வியாபாரப் படிப்புப் படித்துவிட்டு வந்தான். கூடவே நகுல் என்று ஒரு சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வந்தான். மாட்டுங்கா பையன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பொருள்களுக்கு உறை, வடிவம் எல்லாம் வரைந்து கொடுப்பதுதான் அவன் உத்தியோகமாம். என் கையால் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, என் சோப்பை மேஜையில் வைத்து, டாக்டர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ ஆன்ட்டி. செம்பூர்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு நாள் நின்னு பார்த்தேன். ஒரு பாக்கெட் மேல கண்ணு மூணு செகண்ட்தான் நிக்கறது. அதுக்குள்ள கை போகணும். உங்க ஃபேஸைப் பார்த்தா அவாளுக்கு வேலை ஞாபகம் வரும். வீட்டு வேலைக்காரி ஞாபகம் வரும். கை போகாது."

"பாத்திரம் தேய்க்கது வேலை இல்லாம பின்ன என்னது? சினிமாவா?" என்றேன்.

"அது வேலைன்னு தோணப்படாது ஆன்ட்டி. அதான் டிசைன்."

சுரேந்திரன் சிரித்தான். இவரும் சிரித்தார். நான் டீ டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு மாசத்தில் புதுப் பெட்டி வந்தது. முழுக்க வெள்ளை. ஒரு ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு எலுமிச்சை இலை. கீழே பொடி எழுத்தில் 'நிம்போரா' என்று இங்கிலீஷில். மீதி வெறும் காலி. அச்சகத்தில் மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் பணக்காரர்கள் விலை கொடுப்பார்கள் என்றான் மகன். சோப்பையும் மாற்றியிருந்தார்கள். எங்கள் பழைய சோப்பு உருண்டை வில்லை. ஒரு மாசம் உழைக்கும். இது இடுப்பு ஒடுங்கி, மேலே வரிவரியாக இருந்தது. கையில் பிடிக்கச் சுகமாக இருக்கும், வரிகளில் தண்ணீர் தங்கிப் பதினைந்து நாளில் கரைந்தும் போகும். இரண்டும் தெரிந்தேதான் வரைந்ததாக நகுல் கூச்சப்படாமல் சொன்னான்.

விற்றதா என்றால், விற்றது. ஒரு நாள் செம்பூருக்கு நானும் இவரும் போய்ப் பார்த்தோம். ஒரு அம்மாள் அந்தப் பெட்டியை எடுத்து, தடவி, முகர்ந்து, விலையைக்கூடப் பார்க்காமல் கூடையில் போட்டாள். அறுபத்தைந்து ரூபாய். நான் ஆசையாகப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கைப்பையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு முழங்கால் ஆபரேஷன். எட்டு மாசம் சோப்புக் கம்பெனிப் பக்கமே போகவில்லை. சோப்பைத் தேய்த்துப் பார்க்க யாரும் கொண்டுவரவும் இல்லை. பழைய சோப்பு இன்னும் கடைகளில் இருக்கிறதே என்று கேட்டால், "மிச்ச ஸ்டாக் ம்மா, மெல்ல நிறுத்திருவோம்" என்பான் சுரேந்திரன். நம்பினேன். பெற்ற பிள்ளையை நம்பாமல் யாரை நம்ப?

கால் கொஞ்சம் தேறியதும் ஒரு சாயங்காலம் இனாயத்துல்லா பாயின் மளிகைக் கடைக்கு நடந்து போனேன். லேபர் கேம்ப்பில் குடியிருக்கிற பானுமதி அங்கே நின்றாள். மாட்டுங்காவில் ஆறு வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள். என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். எனக்கு அது பொறுக்குமா? இழுத்துப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னட்டி இது?"

"ஒண்ணுமில்லக்கா..." என்று இழுத்தாள். பிறகு அழுதுவிட்டாள். "நம்ம சோப்புதாங்க்கா. மூணு மாசமாவே காந்துது. யக்கா மொகம் போட்ட சோப்பு, ஒண்ணும் செய்யாதுன்னு நானும் தேய்ச்சுக்கிட்டேதான் இருந்தேன். ரெண்டு வீட்டுக்காரிய, இந்தக் கையோட பாத்திரத்தத் தொடாதன்னு நிறுத்திப்புட்டாவ."

பாய் எடுத்துக் கொடுத்த வில்லையைத் தண்ணீரில் நனைத்து என் உள்ளங்கையில் தேய்த்தேன். நுரை இல்லை. சோடாவை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். ஒரு நிமிஷத்தில் கை திகுதிகுவென்று எரிந்தது. உறையில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"எவனோ டூப்ளிகேட் போடுதான்! எம் மூஞ்சிய வச்சு எம் மூஞ்சியிலேயே கரியப் பூசுதான், சவத்து மூதி!" என்று கத்தினேன். "பானு, நீ அழாத. எவம்னு கண்டுபிடிச்சு இந்தக் கடை வாசல்ல இழுத்தாந்து நிறுத்துதேன். நிறுத்தலேன்னா ஏன்னு கேளு."

கடையில் நின்ற ஐந்தாறு பெண்களும் கேட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்ன வாக்கு அது.

மகனிடம் சொன்னேன். "டென்ஷன் நக்கோ ம்மா, பாத்துக்கலாம்" என்று செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். அவன் பார்க்கிற லட்சணம் தெரிந்துபோயிற்று. மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். பழைய உறை அச்சடிக்கிறவன் யார் என்ற விவரம் அங்கேதான் கிடைக்கும் என்று நினைத்தேன்.

முன்பக்கம் வெள்ளைப் பெட்டி வேலை நடந்தது. பெண்கள் கையுறை, தலையுறை எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சை வாசம் தூக்கியது. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்கட்டுக்குப் போனேன். அங்கே தரையில் இரண்டு பெண்கள் கையுறை இல்லாமல் உருண்டை வில்லைகளை உறையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். புத்தம் புது உறை. கட்டுக்கட்டாக என் முகம். பக்கத்தில் சோடா மூட்டையும், வெள்ளைக் களிமண் மூட்டையும்.

"யம்மா, வாங்க" என்று எழுந்தாள் ஒருத்தி. அவள் விரலும் வெந்துதான் இருந்தது.

மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சுரேந்திரன் ஓடி வந்தான், பின்னாலேயே இவரும்.

"இதுதானால அந்த டூப்ளிகேட்?" என்றேன்.

அந்தப் பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு மகன் எதிரே குந்தினான். கோபப்படவில்லை. குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரி பேசினான்.

"ம்மா, இதுவும் நம்ம சரக்குதான். நுரை தர்ற ஸ்லரியக் கொறச்சு சோடாவக் கூட்டியிருக்கோம், அவ்ளோதான். இதுல மிச்சம் பிடிச்சாத்தான் செம்பூர் சரக்கத் தரமாப் போட முடியும். அங்க ஒருத்திக்குக் கை காந்திச்சுன்னா போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிருவா. இங்க எவ அனுப்புவா?"

"இங்க உள்ளவளுக்குக் கை இல்லியால?"

"இங்க உள்ளவங்க சோப்பப் பாத்தா வாங்குறாங்க? ஒன் மொகத்தப் பாத்து வாங்குறாங்க. நகுல் அதையும் டெஸ்ட் பண்ணிட்டான். நாலு கடையில நல்ல சோப்ப வேற உறையில போட்டுக் கொடுத்தோம், போகல. இத ஒன் மொகத்துல போட்டோம், ஒண்ணு மிஞ்சல. அந்த மொகம் இருக்குற வரைக்கும் உள்ள என்ன வச்சாலும் போகும் ம்மா."

என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னான். அதை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

"ஏங்க, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று இவரைக் கேட்டேன். குனிந்து சோடா மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். தெரிந்திருக்கிறது.

"இன்னைக்கே நிறுத்து. இல்லேன்னா, பாய் கடை வாசல்ல நின்னு நானே சொல்லுவேன், எம் மவன்தான் போடுதான்னு."

"ரெண்டு மாசம் பொறு, பார்வதி," என்றார் இவர். "பெரிய கடைக்காரன் ஆர்டர் தாரதுக்கு இருக்கான். இப்பப் பேர் கெட்டா அவன் வர மாட்டான். வீட்டுப் பத்திரம் பாங்க்ல இருக்கு. வீடு போயிரும்."

"வீடு போனாப் போவுது! அந்தப் பிள்ள கை போச்சே!"

எழுந்து வெளியே வந்தேன். மகன் ஆட்டோ கூப்பிடவா என்று பின்னாலேயே வந்தான். "எங்கூட வராதல" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். பானு, எம் மவன்தாம்டி. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். எவளும் இத வாங்காதீய. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலு வார்த்தை. என் வாய்க்கு அதெல்லாம் ஒரு விஷயமா? இந்தத் தாராவியில் என் வாய்க்குப் பயப்படாதவன் எவன்?

கடையில் பானுமதி நின்றாள். நேற்று நின்ற பெண்களில் மூன்று பேரும் இருந்தார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பாய்கூட எடைபோடுவதை நிறுத்தினார்.

"யாருன்னு தெரிஞ்சுதாக்கா?" என்றாள் பானுமதி.

வாயைத் திறந்தேன். இந்தப் பெண்கள் கம்பெனி வாசலில் போய் நிற்பதும், சுரேந்திரனைச் சட்டையைப் பிடித்து உலுக்குவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"டூப்ளிகேட்தான்," என்றேன். "வெளிய எவனோ போடுதான். ஆளு சிக்கல."

"நான் சொல்லல?" பானுமதி மற்றவர்களைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "ராத்திரியெல்லாம் இவளுவ என்னென்னமோ பேசுனாளுவ. யக்கா அப்படிச் செய்ய மாட்டாவன்னு அடிச்சுச் சொன்னேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணி சுற்றிய விரல்கள் சொரசொரவென்று இருந்தன. "அப்போ ஒரிஜினல் எது, யக்கா? காட்டுங்க, அதையே வாங்குதேன்."

மேல் தட்டில், சுரேந்திரன் பார்வைக்கு என்று வைத்துவிட்டுப் போன இரண்டு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. கையை நீட்டினேன். பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பானுமதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்ளோ பாய்?"

"அறுவத்தஞ்சும்மா."

சூடான பாத்திரத்தை இறக்குகிறவள் மாதிரி இரண்டு கையாலும் அதைக் கீழே வைத்தாள். "விளையாடாதீயக்கா. இதுல ஒங்க படத்தையே காணோம், இதப் போயி ஒரிஜினல்ங்கிதிய" என்று சிரித்தாள்.

பிறகு முன்வரிசையில் இருந்த உருண்டை வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் கண் மங்கியிருந்தது. அதை ஒதுக்கினாள். இன்னொன்றில் உதட்டுச் சிவப்பு கோடு தாண்டியிருந்தது. அதையும் ஒதுக்கினாள். ஐந்தாவதோ ஆறாவதோ ஒன்று அச்சு நன்றாக விழுந்து, நெற்றிப் பொட்டு வரைக்கும் துல்லியமாக இருந்தது.

"இந்தா, இது அப்படியே நீங்கதான். இதுதாங்க்கா ஒரிஜினல். சரிதான?"

சரிதான் என்று தலையாட்டினேன். இரண்டாக வாங்கிக்கொண்டு போனாள்.