அசையவிட்ட சிற்பி

மகளின் சைக்கிள் கடை வாசலில் சிற்பிக்கு ஒரு முக்காலி போட்டிருந்தது. இதய அறுவை சிகிச்சை முடிந்து கிளம்பும்போதே, "சுத்தியல மறந்துடுங்க, கனமா எதையும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கருங்கல்லோடு மல்லுக்கட்டியவருக்கு இப்போது ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கக்கூட அனுமதியில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வாயாவது வேலை செய்யட்டுமே என்று, பஞ்சர் ஒட்ட வந்தவர்களுக்கெல்லாம் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று வகுப்பெடுத்தார்.

"அப்பா, உனக்கு சைக்கிள் ஏறவே தெரியாது. கொஞ்ச நேரம் இந்தக் கம்பிங்கள நிமித்திக் குடேன்" என்று, கோணிப்போன ஸ்போக்ஸ் கம்பிகளை அள்ளி அவர் மடியில் போட்டாள் மகள்.

ஒன்றை நிமிர்த்தி, விரலின்மேல் குறுக்காக வைத்துப் பார்த்தார். அப்படியும் இப்படியும் ஆடி மெல்ல நிலைக்கு வந்தது. மகள் தும்மினாள், மறுபடி ஆடியது. அவர் செதுக்கிய எதுவும் யார் தும்மலுக்கும் அசைந்ததில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து கடையில் வாஷர்கள் காணாமல் போயின. பழைய மட்கார்டுகளை இலை இலையாக வெட்டிக் கம்பி முனைகளில் தொங்கவிட்டு, கம்பிகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டினார். கல்லில் உளி தவறினால் அவ்வளவுதான்; இதில் ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் ஒரு வாஷரைக் கோத்தால் தீர்ந்தது. ஆனாலும் யாராவது கேட்டால், "சும்மா, பொழுது போகணுமே" என்பார். சிற்பம் என்று சொல்ல நாக்கு கூசியது.

அந்தக் கம்பித் தொங்கலைக் கடைக் கூரையில் மாட்டிய அன்று மாலை, கணக்கு டீச்சரான அவர் மனைவி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். காற்றே இல்லை. அண்ணாந்து பார்த்தவள் உதட்டைக் குவித்து ஊதினாள். இலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சிற்பி பதறி எழுந்து பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க, அது பாட்டுக்குப் போகட்டும்."

"இந்தப் பக்கம் பாத்து நிக்கணும்டி. அப்பத்தான் அழகு."

"எல்லாப் பக்கமும் அழகாத்தான் இருக்கு. கைய எடுங்க."

எடுத்தார். அவருடைய கற்சிலைகளைப் போகிறபோக்கில் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போகிறவள், இன்று பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்தது எது திரும்பும்?"

"தெரியலையே!" என்றார். அப்படிச் சொல்வது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி மகளும் வந்து நின்றாள். சாய்ந்த வெயிலில் இலை நிழல்கள் மனைவியின் நெற்றியில் ஏறி, மகளின் கிரீஸ் கைகளைத் தொட்டு, தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தன.