ஒன்பது வோல்ட்

பெல்லைக் கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கனமே இல்லை. திருப்பிப் பார்த்தாள். பின்பக்க மூடியைக் காணோம். பேட்டரி இருக்கவேண்டிய குழியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.



கட்டிலில் மாமனார் கிடந்தார். கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் போல முகம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூக்குக் குழாயைக் கழற்றி, "தூக்கத்துலயே போயிருக்கணும்மா, கஷ்டப்பட்டிருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு இப்போதுதான் படியிறங்கிப் போனார். புருஷனுக்குப் போன் பண்ணியாகிவிட்டது. கிடங்கிலிருந்து கிளம்பி, வழியில் அவனுடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு வருவான்.

அந்த நாத்தனார்தான் இந்த பெல்லை வாங்கிவந்தவள். அழுத்துகிற இந்தப் பொத்தானைத் தலையணை ஓரத்திலும், சத்தம் போடும் பெட்டியைச் சமையலறைச் சுவரிலும் அவளே மாட்டினாள். "அப்பா, எதுவா இருந்தாலும் இதை அழுத்துங்க. நீங்களா எந்திரிச்சு வீரம் காட்டாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, இவள் பக்கம் திரும்பி, "உனக்குக் கும்பகர்ணத் தூக்கம். அதான் கடையில இருக்கிறதுலயே பெரிய சத்தமா பாத்து வாங்கினேன்" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இவளும்தான் சிரித்தாள்.

இப்போது நாத்தனார் வந்து முதலில் என்ன கேட்பாள் என்பது தெரியும். பெல் அடித்தாரா? நீ எங்கே இருந்தாய்?

இவள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு ராத்திரி அவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அசதி. அதைச் சொன்னால் நியாயம்தான். ஆனால் பேட்டரி இல்லாத பெல்லுக்கு என்ன நியாயம் சொல்வது?

தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் மண்டியிட்டுத் தேடினாள். எழுந்திருக்கும்போதுதான் ஆக்ஸிஜன் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது உறைத்தது. யாருக்கு இனிமேல்? எட்டி அதன் ஸ்விட்சை அணைத்தாள். மாதக்கணக்காக அந்த வீட்டில் ஓடிய சத்தம் நின்றது.

நின்றதும் வேறொன்று கேட்டது.

உஸ்ஸ்ஸ் என்று மெல்லிய மூச்சு. கட்டில் பக்கத்திலிருந்து.

"மாமா?" என்றாள். குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனால் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. போர்வையை விலக்கினாள். அவர் இடுப்போரமாக அலுமினியச் சாப்பாட்டு டப்பா இருந்தது. மூடியில் அவள் ஆணியால் தட்டிய ஓட்டைகள். பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம்.

ஆம்ப்ளிஃபையர் ஆனில் இருந்தது.

அந்த டப்பாவைச் செய்தது இரண்டு பேரும் சேர்ந்துதான். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. மாமனாருக்குத் தெரிந்தது பஸ். டிப்போவில் அவருக்குப் பேர் ஹாரன். அவர் பஸ்ஸில் பிரேக் இல்லாவிட்டாலும் ஓட்டுவார், ஹாரன் இல்லாவிட்டால் இறங்கிவிடுவார் என்று கேலி செய்வார்களாம். ஓய்வுபெற்ற பிறகு கிட்டார் வாசிக்க ஆரம்பித்தார். அதுவும் சாதாரண கிட்டார் இல்லை, எலெக்ட்ரிக். நெஞ்சு கெட்டுப்போய்ப் படுக்கையோடு ஆனபோது, "ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிட்டாரும் என் குரலும் ஒண்ணு, கொசு பாடுற மாதிரி இருக்கு" என்று முனகிக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் ஆக்ஸிஜன் மெஷினுக்குப் போய்விட்டது. அதனால்தான் பேட்டரியில் ஓடுகிற குட்டி ஆம்ப்ளிஃபையர்.

போனில் ஒரு வீடியோ பார்த்தார்கள். அதில் ஒருவன் வாயில் வண்டு புகுந்தவன் மாதிரி வேகமாகப் பேசினான். விரலால் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மாமனார் சாமான் சொல்ல, அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"அந்தச் சிப்புக்கு எட்டுக் கால் இருக்கும்மா. கறுப்பா, பூச்சியாட்டம். முந்நூத்தி எண்பத்தாறுன்னு கேளு."

கடைக்காரர் சின்ன பிளாஸ்டிக் கவரில் பூச்சியைப் போட்டுக்கொண்டே, "வீட்டுக்காரருக்கா?" என்றார்.

"எங்க மாமாவுக்கு."

"மெக்கானிக்கா?"

"பஸ் டிரைவர்."

கடைக்காரர் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டா வாங்கிட்டுப் போயிடுங்க" என்றார். அந்த மனுஷர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. ஸ்பீக்கர் பழைய ரேடியோவிலிருந்து கிடைத்தது. கிட்டார் ஒயரைச் செருகும் சாக்கெட் என்று நினைத்து, ஹெட்போன் செருகுகிற ஓட்டையை வாங்கிவந்தாள். மாமனார் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஏம்மா, இது எறும்பு போற வழி. இதுல யானையை எப்படி விடுறது?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமாகிவிட்டது. அதிலிருந்து அவர் சிரித்தாலே அவளுக்குப் பயம்.

அதைவிடப் பெரிய பயம் ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது. மெஷின் நின்றிருந்தது. மூக்கில் குழாயோடு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மடியில் பலகையை வைத்து மாமனார் ஈயத்தை உருக்கிச் சால்டரிங் செய்துகொண்டிருந்தார். மெஷினைப் பிடுங்கிவிட்டு சால்டரிங் கம்பியைச் செருகியிருந்தார்.

"என்ன மாமா இது! உசுரோட விளையாடுறீங்களா?"

"அஞ்சு நிமிஷம்மா. அஞ்சு நிமிஷத்துல செத்தா போயிடுவேன்?"

அன்றைக்கு அவள் போட்ட சத்தம் கீழே கிளினிக் வரை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு சால்டரிங் எல்லாம் சமையலறை மேடையில் அவளே செய்தாள். மெஷினைப் பிடுங்கியதைப் புருஷனிடம் சொல்லவில்லை. நாத்தனாரிடம் மூச்சே விடவில்லை. எட்டுக்கால் பூச்சியை அவள் தலைகீழாக வைத்துப் பற்றவைத்துவிட்டதால், முதல் பூச்சியும் இருந்த ஒரே பேட்டரியும் சேர்ந்து போய்விட்டன. இரண்டாவது பூச்சியை நேற்றுதான் சரியாக வைத்தார்கள். பேட்டரிதான் பாக்கி. தெருக்கடையில் பென்சில் பேட்டரி இருந்தது, இந்தச் சதுர பேட்டரி இல்லை.

இன்று மத்தியானம் சாப்பிட்ட தட்டை எடுக்கும்போது, "இப்பப் போனா பேட்டரி கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

"சாயங்காலம் போறேன் மாமா. கண்ணைச் சொருகுது."

"சரி சரி, போய்ப் படு. அது எங்க ஓடிப்போகுது."

அது ஓடிப்போகவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பெல்லுக்குள் இருந்திருக்கிறது. அதே சதுரம், அதே ஒன்பது வோல்ட். மெஷினைப் பிடுங்கியவருக்கு பெல்லைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதுதான் பார்த்தாள், மருந்து வைக்கும் கிண்ணத்தில் பெல்லின் பின்பக்க மூடியும் அதன் குட்டி ஸ்குரூவும் பத்திரமாக இருந்தன. அவள் எழுந்து வருவதற்குள் திரும்ப மாட்டிவிடுவதாகத்தான் இருந்திருக்கிறார்.

தூக்கத்தில் கேட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. டொய்ங், டொய்ங் என்று ஏதோ தடிமனாக ஒரு சத்தம். பிறகு நீளமாக ஒன்று. 'அட, பாட ஆரம்பிச்சிடுச்சு' என்று நினைத்தாள். நன்றாகச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. பேட்டரி இல்லாமல் எப்படிப் பாடும் என்று தோன்றவில்லை. தூக்கத்தில் யாருக்குக் கணக்கு வரும்? திரும்பிப் படுத்துவிட்டாள். எழுந்து டீயோடு வந்தபோது கிட்டார் அவர் நெஞ்சில் கிடந்தது. ஒயரைப் பிடுங்கி கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரை உலுக்கினாள். கேட்டது கனவென்றே நினைத்திருந்தாள்.

கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

யோசிக்க நேரமில்லை. டப்பாவைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினாள். சிவப்புப் பொட்டு அணைந்தது, மூச்சுச் சத்தம் நின்றது. பேட்டரியை பெல்லில் மாட்டினாள். ஸ்குரூ இரண்டு தரம் கைநழுவிப் போர்வையில் விழுந்தது. மூடி முடுக்கி, பெல்லைத் தலையணை ஓரத்தில் வைத்தாள். பெல் நன்றாக இருந்தது, அவர் அழுத்தவில்லை, அவ்வளவுதான். அதைவிட எளிதாக ஒரு விஷயம் இருக்க முடியாது. படியில் ஓடிவரும் காலடிகள் கேட்க, அவள் அப்படியே சுவரோடு ஒட்டி நின்றாள்.

நாத்தனார் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் அழவில்லை. அப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தான். பயந்தபடியே அந்தக் கேள்வி வந்தது.

"பெல் அடிச்சாரா?"

"இல்ல அண்ணி. நான் பக்கத்து ரூம்ல..."

நாத்தனார் பெல்லைப் பார்த்தாள். தொடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

புருஷன் டப்பாவைக் கையில் எடுத்தான். "இதுதான் நீங்க ரெண்டு பேரும் செஞ்சதா?"

"ஆமாங்க."

"ஒரு தடவையாவது வாசிச்சாரா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இல்லங்க. பேட்டரி கிடைக்கல."

அவன் டப்பாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "ஒரு பேட்டரி... ஒரு போன் பண்ணியிருந்தா வர்ற வழியில வாங்கியிருப்பேனே" என்றான். சொல்லி முடிக்கும் முன்பே முகம் கோணிக்கொண்டது. வந்ததிலிருந்து அழாதவன், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். "ஒரு தடவைகூடக் கேக்காம போயிட்டாரே!"

அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பயம் போய்விட்டது என்று நினைத்ததுதான் தப்பு. இப்போது அது வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

நாத்தனார் தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தாள்.

"இவருக்குச் சத்தம்னா அவ்வளவு இஷ்டம். சின்ன வயசுல ஞாபகம் இருக்காடா? பஸ்ஸோட நம்ம தெருமுனையில திரும்பும்போது அடிப்பாரே. ரெண்டு சின்னது, ஒரு நீளம். பாம், பாம், பாஆஆம். அந்த டிரிப்தான் கடைசின்னு அர்த்தம். அம்மா உடனே ஓடிப்போய் அடுப்பைப் பத்தவைப்பாங்க. டிப்போல பஸ்ஸை விட்டுட்டு நடந்து வர்றதுக்கும் சாப்பாடு சூடாகுறதுக்கும் சரியா இருக்கும்."

புருஷன் அழுகைக்கு நடுவில் சிரித்தான். "அம்மா போனப்புறம் அடிக்கவே இல்லக்கா."

"ஆமாடா. யாருக்கு அடிக்கிறது?"

இந்த வீட்டுக்கு அவள் வரும்போது மாமியார் இல்லை. இந்த ஹாரன் கதையை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. மத்தியானம் அவள் தூக்கத்தில் கேட்டதும் இரண்டு சின்னது, ஒரு நீளம். அவர் யாருக்கு அடித்தார்? கூப்பிட்டாரா? வந்துவிட்டேன் என்றாரா? முகத்தை மறைக்க, "டீ போடுறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தாள். மேடையில் நேற்றுப் பற்றவைத்தபோது சொட்டிய ஈயம் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

தலைக்கு மேலே பெல் அலறியது.

அவள் கை தானாகப் போய் அடுப்பைச் சிம்மில் வைத்தது. ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இரண்டு எட்டு நடந்தும்விட்டாள். "இதோ மாமா" என்பது வாய்வரை வந்துவிட்டது. வாசலில் நின்றாள்.

நாத்தனார் கையில் பெல் இருந்தது. "வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "நல்லாத்தான் அடிக்குது. அப்போ அப்பா கூப்பிடவே இல்ல. டாக்டர் சொன்னது சரிதான். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. போ, டீயைப் பாரு."

தீர்ப்பு ஆகிவிட்டது. இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவள் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. புருஷன் இன்னும் அந்த டப்பாவை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அவள் கையை நீட்டினாள். நாத்தனார் ஒன்றும் புரியாமல் பெல்லைக் கொடுத்தாள். இந்தத் தடவை ஸ்குரூ கைநழுவவில்லை. அதை நகத்தால் திருப்பிக் கழற்றி, பேட்டரியை எடுத்தாள். புருஷன் மடியிலிருந்த டப்பாவைத் திறந்து அதில் மாட்டி மூடினாள். சிவப்புப் பொட்டு எரிந்தது. உஸ்ஸ்ஸ் என்று சத்தம் எழுந்தது.

"பேட்டரி இதுலதான் இருந்துச்சு" என்றாள். "நான்தான் நீங்க வர்றதுக்கு முன்னாடி மாத்தினேன். மத்தியானம் வாசிச்சார். எனக்குக் கேட்டுச்சு அண்ணி. ரெண்டு சின்னது. ஒரு நீளம்."

நாத்தனாரின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டுட்டு என்ன பண்ணின?" என்றாள் நாத்தனார். குரல் தட்டையாக இருந்தது.

"பாட ஆரம்பிச்சிடுச்சுன்னு சிரிச்சேன். எந்திரிக்கல."

புருஷன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் தம்பி மடியிலிருந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, ஓட்டைகளின் மேல் காதை வைத்தாள்.

"இது என்ன சத்தம்?"

"ஆன்ல இருந்தா அப்படித்தான் வரும் அண்ணி."

நாத்தனாரின் விரல் ஸ்விட்ச் வரை போயிற்று. தொட்டுவிட்டு, அணைக்காமல் விலகியது. சமையலறையில் அடுப்பு சிம்மில் எரிந்துகொண்டிருந்தது.