மோதிர விரலும் சுண்டு விரலும்

…டம்ளரைப் பிடிக்கிறது, சாக்பீஸைப் பிடிக்கிறது, காலையில் இட்லியைப் பிட்டு ஒழுங்காக வாய்க்குக் கொண்டுபோகிறது, பியானோக் கட்டையில் வைத்தால் மட்டும் மடங்கிக்கொள்கிறது, வலது கையில் இந்த மோதிர விரலும் சுண்டு விரலும், கூச்சப்பட்ட பிள்ளை மாதிரி உள்ளங்கைக்குள் போய்ச் சுருண்டுகொள்கின்றன. இப்படியும் ஒரு நோய் உண்டா என்று டாக்டரிடம் சண்டையே போட்டேன், உண்டும்மா, விரல்ல ஒண்ணுமில்ல, மூளைலதான், வாசிக்கிறப்ப மட்டும் வரும் என்றார், என்ன நியாயம் இது, முப்பது வருஷம் கண்ணாகக் காப்பாற்றிய கை… கோரிப்பாளையம் சிக்னலில் கார் நகரவே மாட்டேன் என்கிறது. தம்பி அழகுபாண்டி ஹார்னை விடாமல் அடிக்கிறான், அடிக்காதடா, காது போகுது என்று எரிந்து விழுகிறேன், பாவம், கேதத்துக்குப் போகிற வழியில் அவனை வேறு திட்டுகிறேன். எழுமலையில் மலையாண்டிச் சித்தப்பா விடிகாலையில் போய்விட்டார், மதியத்துக்குள் எடுத்துவிடுவார்களாம்.

செக்கானூரணி தாண்டியதும் அவனே பேசினான். “எக்கா, சனிக்கிழமைக்கு வேன் பேசியாச்சு. சித்தப்பாதான் முன் சீட்டு எனக்குன்னு சொல்லி வச்சிருந்தாக. இப்பப் பாரு.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சென்னையில் வாசித்தேன், லண்டனில், டோக்கியோவில் வாசித்தேன், சொந்தக்காரர் ஒருத்தர்கூட என்னை மேடையில் பார்த்ததில்லை, ஆர்மோனியப் பொட்டி வாசிக்கிற பிள்ளை என்றுதான் இன்னமும் ஊரில் பேச்சு, இப்போது கல்லூரியில் ஓய்வு பெறுகிறேன், சனிக்கிழமை வழியனுப்புக் கச்சேரி, முதல் முறையாக எல்லாரும் வருகிறார்கள்… எந்தக் கையை வைத்து வாசிப்பேன்? வகுப்பில் இத்தனை மாதமாக இடது கையால் மட்டும் வாசித்துக் காட்டுகிறேன், மேடம் புது முறையில சொல்லித் தர்றாங்க என்று பிள்ளைகள் மெச்சிக்கொள்கிறார்கள், கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கலாம், இவனிடம் இப்போதாவது சொல்லலாம், ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது? மடியில் விரல்கள் தாமாகக் கச்சேரிப் பாட்டின் முதல் வரியை ஆரம்பிக்கின்றன, அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன், உசிலம்பட்டி வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச தூரந்தான்.

எழுமலையில் தெருமுனையிலேயே பெண்களின் அழுகைச் சத்தம். எனக்குக் கட்டி அழத் தெரியாது, வெட்கம், பந்தலுக்குள் மரம் மாதிரி நின்றேன், பாண்டியம்மாள் சித்திதான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துத் தோளில் சாய்ந்தாள், “கேக்கப் போறேன் கேக்கப் போறேன்னு கெடந்தாரே எஞ்செல்வி, கேக்காமப் போயிட்டாரே…” அவள் முதுகில் என் வலது கை, வியர்த்த ரவிக்கை, ஐந்து விரலும் நேராக, சொன்னபடி கிடந்தன, அட, எவ்வளவு நல்ல பிள்ளைகள்! ஒரே ஒரு வரி, தொட்டுத்தான் பார்ப்போமே, இது முதுகுதானே, பியானோ இல்லையே… கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், அடுத்தது மோதிர விரலின் முறை, சுருண்டது, கூடவே சுண்டு விரலும். முதுகென்று ஏமாற்ற முடியவில்லை, மனசுக்குள் பாட்டு ஓடினாலே போதும், கண்டுபிடித்துவிடுகிறது. அப்போதுதான் அழுகை வந்தது, அப்படி ஒரு அழுகை, கட்டி அழுகிறவர்கள் அவரவர் துக்கத்தைத்தான் அழுகிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை, ஆனால் என் வாய் அதோடு நிற்கவில்லை. “என் கை போச்சு சித்தி, இனிமே என்னால வாசிக்க முடியாது.”

சித்தி அழுகையை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவர்களும் நிறுத்தினார்கள், அழகுபாண்டி பந்தல் காலருகே நின்று என்னையே பார்த்தான். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்து, சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள், விரிந்தன, மடக்கினாள், மடங்கின, மறுபடி விரித்து நீவிவிட்டாள்.

“வெரலு நல்லாத்தேன இருக்கு தாயி?”

நன்றாகத்தான் இருந்தது.