தண்ணீர்ச் சேவல்

எங்கள் ஊர் சுவேபிய மேட்டுநிலத்தில் இருக்கிறது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை முழுக்கப் பூமிக்குள் இறங்கி, கீழே பள்ளத்தாக்கில் ஆறாக ஓடும். எங்களுக்கு மிஞ்சியது ஒரு குட்டை. மாடும் வாத்தும் இறங்கும் அந்தப் பழுப்புத் தண்ணீரைத்தான் துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

ஒரு கோடையில் ரோசீனாவின் வீடு பற்றி எரிந்தது. குட்டையில் சேறுதான் கிடந்தது. வீட்டோடு புருஷனையும் பறிகொடுத்தாள்.

ஆற்றுத் தண்ணீரைக் குழாய்வழியே மேலேற்றப் போவதாகச் சேதி வந்தபோது அவள் சீறினாள்.

"தண்ணி மலை ஏறுமா? யாரு காதுல பூ சுத்துறாங்க?"

"ஆத்துத் தண்ணி சக்கரத்தச் சுத்துதாம்க்கா, அந்தச் சக்கரமே தண்ணியத் தள்ளுதாம்" என்றார் மதுக்கடைக்காரர் காஸ்பர்.

குழாய் திறக்கும் நாளில் ஊரே சதுக்கத்தில் கூடியது. கல்தூணில் ஒரு பித்தளைத் திருகுகுழாய். வளைந்த அலகு, மேலே கொண்டை. பீர் பீப்பாயில் இருப்பதும் அதே உருவம்தான். அதனால்தான் பீப்பாயில் இருப்பதை ஆதிமுதல் எங்கள் ஜெர்மன் மொழியில் 'ஹான்' என்போம், சேவல் என்று.

"யோவ் காஸ்பர், உன் சேவலத் திருடிட்டாங்கய்யா!" என்று ஒருவன் கத்தினான்.

பொறியாளர் திருகினார். சேவல் இருமியது. வெறும் காற்று. கூட்டம் சிரித்தது. அடுத்து செந்நிறமாகக் கொஞ்சம் துப்பியது. பிறகு வந்தது தண்ணீர்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாதிரியார் எழுதி வைத்திருந்த உரையை மறந்தார். ரோசீனா முன்னால் போய்க் கொண்டையைத் திருகினாள். தண்ணீர் நின்றது. மறுபடி திருகினாள். வந்தது.

"நில்லுன்னா நிக்குது. வான்னா வருது" என்றாள்.

"பீருக்குச் சேவல் இருக்கு. இத என்னன்னு சொல்றதுக்கா?" காஸ்பர் மெல்லக் கேட்டார்.

"தண்ணிச் சேவல். வாஸர்ஹான்."

நகரத்தில் வெகுகாலமாக அப்படித்தான் சொல்கிறோம் என்றார் பொறியாளர். யார் காதிலும் அது விழவில்லை. பீருக்கு மட்டுமே சேவல் இருந்த ஊரில், தண்ணீர் என்ற சொல்லும் சேவல் என்ற சொல்லும் அன்றைக்குத்தான் ஒட்டிக்கொண்டன.

காஸ்பர் கண்ணாடிக் குவளை ஒன்றை நீட்டினார். அதை நிரப்பி வெயிலில் தூக்கிப் பிடித்தாள் ரோசீனா. தண்ணீருக்குள் தேவாலயக் கோபுரம் தெரிந்தது, தலைகீழாக, குட்டியாக. தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரியும் என்பதை எங்களில் யாரும் அதுவரை கண்டதில்லை.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். குவளை கைமாறிக் கைமாறிப் போனது. வெகுநேரம்வரை ஒருவரும் அதைக் குடிக்கவில்லை.